நேபாளத்துச் சோயா எண்ணெய் டேங்கருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்

கொல்கத்தாவுக்கு அருகே தின்பண்டத் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பொறுப்பில் இருக்கும் நண்பர் கேட்டிருக்கும் கேள்வி இது. நேபாளத்தின் விராட்நகரில் உள்ள ஓர் ஆலையிலிருந்து, சுத்திகரித்த சோயா எண்ணெயை டேங்கர் லாரியில் கொண்டுவந்து தருவதாக அவருக்கு விலைப்புள்ளி வந்திருக்கிறது. ஹால்டியா ஆலைகளின் விலையைவிடக் கிலோவுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் குறைவு. சோயா பெரிதாக விளையாத ஒரு நாடு இந்த விலைக்கு எப்படித் தர முடிகிறது, நம்பி வாங்கலாமா, எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கேட்கிறார். சமையல் எண்ணெய் வணிகத்தில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன். இந்தக் கொள்முதலில் எண்ணெயின் தரத்தைச் சோதிப்பது பாதி வேலைதான். அந்த ஐந்து ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வதே பெரிய பாதி. பலர் அதைச் செய்யாமல் ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் எண்ணெய் வரும் பாதை. நேபாள ஆலைகள் சுத்திகரிப்பது பெரும்பாலும் அர்ஜென்டினா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வரும், பசை நீக்கிய கச்சா சோயா எண்ணெயை. நேபாளத்துக்குக் கடல் இல்லாததால் அந்தச் சரக்கு கொல்கத்தா, ஹால்டியா போன்ற இந்தியத் துறைமுகங்களில் இறங்கி, இரு நாட்டுப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி இந்திய வரி செலுத்தாமல் பீகார் வழியே எல்லையைக் கடந்து பீர்கஞ்சுக்கும் விராட்நகருக்கும் போகிறது. அங்கே சுத்திகரிக்கப்பட்ட பிறகு ரக்சால், ஜோக்பனி என்ற எல்லை ஊர்கள் வழியாக அதே பீகாருக்குள் திரும்பி வருகிறது. அதாவது, உங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கிய எண்ணெய், பல நூறு கிலோமீட்டர் வடக்கே போய் மறுபடியும் தெற்கே இறங்கி உங்களிடம் வருகிறது. இரண்டு முறை லாரி வாடகை கொடுத்த பிறகும் அது உள்ளூர் எண்ணெயைவிட மலிவாக இருக்கிறதென்றால், அந்த மலிவு ஆலையின் திறமையால் வந்ததாக இருக்க முடியாது, வரியால் வந்தது.

அந்த வரிக் கணக்கைப் பார்ப்போம். 2024 செப்டம்பர் 14 முதல் இந்தியா கச்சா சமையல் எண்ணெய் மீதான அடிப்படைச் சுங்க வரியைச் சுழியத்திலிருந்து 20 விழுக்காடாகவும், சுத்திகரித்த எண்ணெய் மீதானதை 12.5-லிருந்து 32.5 விழுக்காடாகவும் உயர்த்தியது. வேளாண் கட்டமைப்பு வரி, சமூக நலக் கூடுதல் வரி எல்லாம் சேர்த்தால் கச்சாவுக்கு 27.5, சுத்திகரித்ததற்கு 35.75 விழுக்காடு. 2025 மே இறுதியில் கச்சா எண்ணெய்க்கான அடிப்படை வரியை 10 விழுக்காடாகக் குறைத்தார்கள். மொத்தச் சுமை 16.5 ஆனது. சுத்திகரித்ததற்கு 35.75 அப்படியே நின்றது. இந்தியச் சுத்திகரிப்பாளர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும் இந்த இடைவெளி இதனால் 8.25-லிருந்து 19.25 விழுக்காடாக விரிந்தது. ஆனால் நேபாளத்தில் தோன்றிய பொருள் என்று சான்று பெற்று வரும் எண்ணெய்க்கு, தெற்காசியத் தடையற்ற வணிக உடன்பாடான சாஃப்டாவின்படி, சுங்க வரியே இல்லை. எல்லா எண்ணெய்க்கும் உள்ள 5 விழுக்காடு ஜிஎஸ்டி மட்டும்தான்.

கணக்கு புரிவதற்காக, ஹால்டியாவில் வந்து இறங்கும் கச்சா சோயா எண்ணெய் டன் 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளலாம், விகிதம் பெரிதாக மாறாது. இந்திய ஆலை 16,500 ரூபாய் வரி கட்டி, சுத்திகரிப்புச் செலவும் சேதாரமும் சேர்த்து 5,000 ரூபாய் என்று கொண்டால், அதன் அடக்க விலை 1,21,500. வேறொரு நாட்டிலிருந்து சுத்திகரித்த எண்ணெயையே நேராகக் கப்பலில் கொண்டுவந்தால், 1,05,000 ரூபாய்ச் சரக்கின் மீது 35.75 விழுக்காடு ஏறி 1,42,500-ஐத் தாண்டிவிடும். அதை யாரும் வாங்கப் போவதில்லை. நேபாள ஆலையோ இந்திய வரி கட்டாத கச்சாவை எடுத்துச் சென்று, போக வர லாரிச் செலவையும் சுத்திகரிப்புச் செலவையும் தன் நாட்டு வரிகளையும் லாபத்தையும் சேர்த்த பிறகும் 1,16,000 ரூபாய்க்கு உங்கள் வாசலில் இறக்க முடிகிறது. நீங்கள் பார்க்கும் ஐந்தரை ரூபாய் இதுதான்.

இந்த வணிகம் இந்திய வரி அறிவிக்கைகளை ஒட்டி எப்படி ஏறி இறங்கியது என்பதையும் பாருங்கள், ஏனென்றால் உங்கள் நீண்டகால ஒப்பந்தத்தின் கதியை அதுதான் முடிவு செய்யும். 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதியை இந்தியா கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலில் வைத்தது. அதுவரை பாமாயில் அனுப்பிக்கொண்டிருந்த நேபாள ஆலைகள் சோயாவுக்கு மாறின. அடுத்த நிதியாண்டிலேயே சோயா எண்ணெய் அந்நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பொருளாகிவிட்டது. பிறகு விலைவாசி உயர்வைச் சமாளிக்க இந்தியா தன் வரிகளைக் குறைத்துக்கொண்டே வந்தது. 2022-இல் கச்சா சோயா, கச்சா சூரியகாந்தி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 20 லட்சம் டன் வரை வரியில்லாத ஒதுக்கீடும் கொடுத்தது. அந்த ஆண்டுகளில் நேபாளத்தின் ஏற்றுமதி சரிந்து, ஆலைகள் வேலையில்லாமல் கிடந்தன. 2024 செப்டம்பரில் வரி உயர்ந்ததும் மீண்டும் உயிர் பெற்றன. 2024-25 நிதியாண்டில் நேபாளம் 10,000 கோடி நேபாள ரூபாய்க்கு மேல் சோயா எண்ணெய் ஏற்றுமதி செய்தது, அது அந்நாட்டின் மொத்த ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு தொழில் இரண்டு முறை எழுந்து ஒரு முறை படுத்திருக்கிறது, மூன்று முறையும் காரணம் டெல்லியில் வெளியான அறிவிக்கை.

இலங்கையில் இதே கதை இதற்கு முன்பே நடந்து முடிந்தது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக உடன்பாட்டைப் பயன்படுத்தி, இந்திய முதலீட்டாளர்கள் அங்கே வனஸ்பதி ஆலைகளை நிறுவினார்கள். குறைந்த வரியில் பாமாயிலை இறக்கி, வனஸ்பதியாக மாற்றி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்திய ஆலைகள் கூக்குரலிட்டதும் 2006-இல் ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு வந்தது. 2008-இல் இந்தியா கச்சா சமையல் எண்ணெய் வரியைச் சுழியமாக்கியதும் ஆதாயமே மறைந்துபோய் அந்தத் தொழில் படுத்துவிட்டது. ஆலை வைத்தவர்களும், அவர்களை நம்பி ஆண்டு ஒப்பந்தம் போட்டவர்களும் நஷ்டப்பட்டார்கள். நேபாள விலைப்புள்ளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளூர் ஆலையோடு இருக்கும் உறவை வெட்டிக்கொள்ள வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இந்த அனுபவத்தால்தான்.

இனி மிக முக்கியமான விஷயம், தோற்றச் சான்றிதழ். நேபாளத்தில் தோன்றிய பொருள் என்று ஒரு காகிதம் சொல்வதால்தான் வரி இல்லை. அந்தக் காகிதம் செல்லாது என்று சுங்கத்துறை முடிவு செய்தால், எல்லையில் சுமார் 1,14,000 ரூபாய் மதிப்புள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 35.75 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 40,000 ரூபாய் வரியும் அதன் மேல் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியும் இறக்குமதியாளர் தலையில் விழும். ஒரு டேங்கர் இப்படிச் சிக்கினால், ஒழுங்காக வந்த ஏழு டேங்கர்களில் மிச்சம் பிடித்தது போய்விடும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 5,500-ஐயும் 40,000-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

சான்றிதழை வழங்கியது நேபாளத்தில் அதிகாரம் பெற்ற அமைப்பு, நான் எப்படிப் பொறுப்பாவேன் என்று கேட்பீர்கள். 2020 நிதிச் சட்டத்தின் வழியே இந்தியச் சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதைச் செயல்படுத்தும் விதிகள், வணிகத்தில் 'கரோடார்' என்று சொல்லப்படுபவை, 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ளன. சான்றிதழைக் கொடுத்துவிட்டதாலேயே இறக்குமதியாளரின் பொறுப்பு தீர்ந்துவிடாது, தக்க கவனத்தோடு சரிபார்க்க வேண்டியது அவருடைய கடமை என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. பொருள் எப்படி உற்பத்தியானது, வெளிநாட்டு மூலப்பொருள் எவ்வளவு, தோற்ற நிபந்தனை எப்படி நிறைவேறியது என்ற விவரங்கள் 'படிவம் 1'-இல் இறக்குமதிக்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதி அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்த நாளிலிருந்து 5 ஆண்டு அவற்றைப் பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்டால் 10 வேலை நாள்களுக்குள் ஆதாரத்தோடு கொடுக்க வேண்டும். நேபாள அரசிடம் விளக்கம் கேட்டு எழுதினால், பதில் வரும்வரை வரி வித்தியாசத்துக்கு ஈடான பிணையைக் கட்டித்தான் சரக்கை வெளியே எடுக்க முடியும். சிறிய நிறுவனத்தின் நடைமுறை மூலதனம் அங்கேயே முடங்கிவிடும்.

அந்தத் தோற்ற நிபந்தனை என்னவென்று பார்த்தால், கவலைக்கான காரணம் விளங்கும். சாஃப்டாவின் பொது விதிப்படி, மிகவும் பின்தங்கிய நாடு ஒன்று வெளிநாட்டு மூலப்பொருளைக் கொண்டு செய்த பொருளில், குறைந்தது 30 விழுக்காடு மதிப்பு அந்த நாட்டிலேயே கூட்டப்பட்டிருக்க வேண்டும். சுங்கப் பட்டியலின் நான்கு இலக்கத் தலைப்பும் மாறியிருக்க வேண்டும். இந்திய-நேபாள இருதரப்பு ஒப்பந்தமும் ஏறக்குறைய இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. கச்சா சோயா எண்ணெயும் 1507, சுத்திகரித்ததும் 1507. கடைசி இலக்கங்களில்தான் வேறுபாடு. இலங்கையில் பாமாயில் வனஸ்பதியாக மாறியபோது தலைப்பே 1511-லிருந்து 1516-க்கு மாறியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இங்கே அந்த வசதி இல்லை. சாஃப்டாவில் சில பொருள்களுக்கு மட்டும் தனி விதிகள் உண்டு. ஆகவே எந்த உடன்பாட்டின், எந்த விதியின் கீழ், எந்த அளவுகோலால் சான்று பெறுகிறார்கள் என்பதை ஆலை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். 'எல்லாரும் அனுப்புகிறார்கள், பிரச்சினை வந்ததில்லை' என்பது பதில் ஆகாது.

மதிப்புக் கூட்டல் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். எல்லையில் உங்களுக்கு டன் 1,14,000 ரூபாய் என்று பட்டியல் போடுகிறார்கள். அதில் 70 விழுக்காடு 79,800. வெளிநாட்டுக் கச்சா எண்ணெயின் மதிப்பு அதற்குள் அடங்கியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு ஹால்டியாவில் கச்சாவின் விலையே 1,00,000. உலகச் சந்தையில் கச்சாவுக்கும் சுத்திகரித்த எண்ணெய்க்கும் இடையே உள்ள வித்தியாசம் சாதாரணமாக நூற்றுக்குச் சில ரூபாய்தான். சுத்திகரிப்பால் மட்டும் 30 விழுக்காடு மதிப்பு கூடிவிடாது. விலை ஏறுவதற்கு முன் வாங்கி வைத்த மலிவான கச்சாவா, புட்டி, பாக்கெட் போன்ற உள்ளூர்ப் பொருளின் மதிப்பா, எதைக் காட்டி அந்த ஆலை 30-ஐ எட்டுகிறது என்று கேளுங்கள். நேர்மையாக நடத்தும் ஆலையிடம் இதற்கான கணக்குத்தாள் இருக்கும்: கச்சா எண்ணெய் வாங்கிய பட்டியல், நேபாளச் சுங்கத்தில் தாக்கல் செய்த பிரகடனம், உற்பத்திப் பதிவேடு, அடக்க விலைத்தாள் என்று நான்கைந்து காகிதம். அதைக் காட்டத் தயங்கும் ஆலையிடம் வாங்காதீர்கள். நேபாள ஆலைகள் எல்லாம் தவறு செய்கின்றன என்று நான் சொல்லவில்லை; தவறு நடந்தால் அதன் விலையை எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்தான் கொடுக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் நானே இறக்குமதியாளர் ஆக மாட்டேன். ரக்சாலிலும் ஜோக்பனியிலும் இந்திய வணிகர்கள் தங்கள் பெயரில் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்து, சுங்கம் முடித்து, உள்நாட்டு ஜிஎஸ்டி பட்டியலோடு விற்கிறார்கள். கிலோவுக்கு ஒன்றோ இரண்டோ ரூபாய் அவர்களுக்குப் போகும். மீதி குறைந்தது மூன்றரை ரூபாய் உங்களுக்கு நிற்கும், தோற்றச் சான்றின் பொறுப்பு அவர்களிடம் இருக்கும். அந்த வணிகர் நாளை ஒரு வழக்கில் சிக்கினால் உங்கள் வரத்து நின்றுபோகும் என்ற அபாயம் மட்டுமே உங்களுடையது. அதற்குத்தான் உள்ளூர் ஆலையை விடக்கூடாது என்றேன். மாதம் பத்து டேங்கருக்கு மேல் எடுக்கும் அளவுக்கு வளர்ந்து, சுங்க ஆலோசகர் ஒருவரையும் வைத்துக்கொண்ட பிறகு நேரடி இறக்குமதியைப் பற்றி யோசிக்கலாம். அப்போது இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணோடு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இறக்குமதியாளர் உரிமமும் தேவைப்படும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். கச்சா சோயா எண்ணெயில் எஞ்சிய பசையைப் பாஸ்பாரிக் அமிலத்தால் நீக்கி, காஸ்டிக் சோடாவால் கொழுப்பு அமிலத்தை நீக்கி, வெளுக்கும் மண்ணால் நிறம் நீக்கி, கடைசியில் வெற்றிடத்தில் 240 பாகைக்கு மேல் நீராவி செலுத்தி மணம் நீக்குகிறார்கள். இது உலகெங்கும் ஒன்றுதான். நேபாள ஆலைகளின் இயந்திரங்களில் பலவும் இந்தியாவில் செய்யப்பட்டவையே. நல்ல ஆலையிலிருந்து புதிதாக வந்த எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் 0.1 விழுக்காட்டுக்குள்ளும், எண்ணெய் கெடத் தொடங்கியதைக் காட்டும் பெராக்சைடு அளவு 1-க்குள்ளும் இருக்க வேண்டும். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரம் பெராக்சைடு 10 வரை அனுமதிக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் 10 என்று எழுதினால், வறுக்கும் அண்டாவில் இரண்டு நாள் தாங்க வேண்டிய எண்ணெய் ஒரே நாளில் மணம் மாறிவிடும். ஏற்றும் இடத்தில் 1, இறக்கும் இடத்தில் 2 என்று எழுதுங்கள். சோயா எண்ணெயில் லினோலெனிக் அமிலம் 4.5 முதல் 11 விழுக்காடு வரை இருப்பதால் மற்ற எண்ணெய்களைவிட இது விரைவில் பச்சைப்பயறு வாடைக்குத் திரும்பும். டேங்கரில் பித்தளை வால்வும் செம்புக் குழாயும் இருந்தால் அந்த மாற்றம் இன்னும் வேகமாகும். துருவேறாத எஃகு டேங்கர்தான் வேண்டும் என்று கேளுங்கள். முந்தைய மூன்று சுமைகள் என்னவென்று ஓட்டுநரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கலப்படத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சிலிகுரியில், ஜனவரி மாத விடியலில், எல்லை தாண்டி வந்த ஒரு டேங்கரின் மேல்மூடியைத் திறந்து மாதிரி எடுத்தோம். கண்ணாடிப் புட்டியில் எண்ணெய் பொன்னிறமாகத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் இரவெல்லாம் குளிரில் நின்ற டேங்கரின் அடிவால்வைத் திறந்தபோது முதல் அரை வாளி, நீர்த்த மோர் போல வெண்மையாகக் கலங்கி வந்தது. ஆலையின் சோதனை அறிக்கையில், கொழுப்பின் நிறைவுறாத் தன்மையைக் காட்டும் அயோடின் மதிப்பு 125 என்று இருந்தது. காகிதப்படி சரக்கு தேறியிருந்தது. கொல்கத்தா ஆய்வகத்துக்கு அனுப்பிக் கொழுப்பமிலப் பகுப்பாய்வு செய்து பார்த்ததில் பால்மிடிக் அமிலம் 14-க்குச் சற்று மேலே நின்றது. சோயாவில் அது 8 முதல் 13.5 வரைதான் இருக்கலாம். யாரோ பாமாயிலின் திரவப் பகுதியான பாமோலினைக் கலந்திருந்தார்கள்; ஆலையிலா, வழியிலா என்று கடைசிவரை தெரியவில்லை.

அயோடின் மதிப்பு ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். நல்ல சோயா எண்ணெய்க்கு அயோடின் மதிப்பு 130, பாமோலினுக்கு 57 என்று கொள்ளுங்கள். நூற்றுக்குப் பத்துப் பங்கு பாமோலின் கலந்தால் கலவையின் மதிப்பு 122.7. கோடெக்ஸ் தரமான 124 முதல் 139-க்கு அது சற்றுக் கீழே. இந்தியத் தரம் 120 முதல் 141 வரை அனுமதிப்பதால் இங்கே அது தேறிவிடும். ஐந்து பங்கு மட்டும் கலந்தால் 126.35, இரண்டு தரத்திலும் தேறிவிடும். பால்மிடிக் அமிலமோ பத்துப் பங்குக் கலப்பில் 11-லிருந்து 14-ஐ நெருங்கி எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் கொழுப்பமிலப் பகுப்பாய்வு கட்டாயம் இடம்பெற வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு டேங்கரின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. அன்றாடச் சோதனைக்கு, வடிகட்டி ஈரம் நீக்கிய எண்ணெயைப் புட்டியில் நிரப்பி, நொறுக்கிய பனிக்கட்டியில் 0 பாகையில் ஐந்தரை மணி நேரம் வையுங்கள். நன்கு சுத்திகரித்த சோயா தெளிவாகவே இருக்கும். பாமோலின் கலந்தது கலங்கும். உங்கள் தொழிற்சாலையில் ஒரு வாளியும் ஐஸ் கட்டியும் இருந்தால் போதும்.

மாதிரி எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். டேங்கரின் ஒவ்வோர் அறையிலும் மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் எடுத்துக் கலந்து, மூன்று புட்டிகளில் நிரப்பி, விற்பவர் ஆளும் உங்கள் ஆளும் கையெழுத்திட்டு அரக்கு முத்திரை வையுங்கள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று தகராறு வந்தால் மூன்றாவது ஆய்வகத்துக்கு. வால்வுகளில் உள்ள முத்திரை எண்கள் ஆலை அனுப்பிய எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வெட்டுங்கள். அளவை எப்போதும் எடையில் பேசுங்கள், லிட்டரில் பேசாதீர்கள். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் அறை வெப்பத்தில் ஏறக்குறைய 910 கிராம். மே மாத வெயிலில் நின்ற டேங்கரில் அதே லிட்டர் அதைவிடக் குறைவாகத்தான் நிறுக்கும். உங்கள் எடைமேடையின் நிறை இறுதியானது என்றும், இவ்வளவு கிலோ வரை குறைவு ஏற்கப்படும் என்றும் எழுதிவிடுங்கள்.

பணம் செலுத்துவதில் நேபாளம் ஒரு விதத்தில் எளிது. நேபாள ரூபாய் இந்திய ரூபாயோடு 1.6 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருப்பதாலும், பட்டியல் இந்திய ரூபாயிலேயே இருப்பதாலும் உங்களுக்கு நேரடி நாணய அபாயம் இல்லை. ஆனால் அவர்கள் கச்சாவை டாலரில் வாங்குகிறார்கள். ரூபாய் சரிந்தால் அடுத்த மாத விலையில் அது வந்துவிடும். சுங்கம் முடிந்து, மாதிரி தேறிய பிறகு பணம் என்பதே என் வழக்கம். முன்பணம் கேட்டால் ஒரு டேங்கருக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இதே விலைப்புள்ளியோடு, புதிய ஏற்றுமதி நாடு என்று சொல்லிக்கொண்டு கடல்வழிக் கொள்கலனில் சுத்திகரித்த சோயா எண்ணெயைப் பாதி விலைக்குத் தருவதாகக் கடிதங்களும் உங்களுக்கு வந்திருக்கலாம். ஒரு நிமிடக் கணக்கில் அவற்றைத் தள்ளிவிடலாம். சிகாகோ சந்தையில் சோயா எண்ணெய் ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று விலை போகும். ஒரு சென்ட் என்பது டன்னுக்கு 22 டாலர். சந்தை 50 சென்ட்டில் இருக்கும் நாளில் டன் 1,100 டாலர். அன்றைக்கு 650 டாலருக்குத் தருகிறேன் என்பவரிடம் எண்ணெய் இல்லை, உங்கள் முன்பணத்தின் மீது ஆசை மட்டுமே இருக்கிறது. இதில் ஏமாந்து குடும்பச் சொத்தை விற்றவரை எனக்குத் தெரியும். ஆகவே இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

வரத்தின் உறுதி பற்றியும் யோசியுங்கள். 2015 செப்டம்பரில் தொடங்கி மாதக்கணக்கில் எல்லை அடைபட்டுக் கிடந்தது. 2025 செப்டம்பரில் நேபாளத்தில் இளைஞர் போராட்டம் வெடித்து அரசு கவிழ்ந்த நாள்களில் எல்லையில் லாரிகள் வரிசையாக நின்றன. மழைக்காலத்தில் பீகார் சாலைகள் வெள்ளத்தில் மூழ்கும். குறைந்தது பத்து நாள் பயன்பாட்டுக்கான எண்ணெய் உங்கள் தொட்டியில் இல்லாமல் இந்த வழியை நம்பி உற்பத்தித் திட்டம் போடாதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது: மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து நேபாளம் 2026 நவம்பர் 24 அன்று வெளியேறுவதாகத் திட்டமிடப்பட்டுள்ளது. மேலே சொன்ன 30 விழுக்காட்டு அளவுகோல் அந்தத் தகுதியைச் சார்ந்தது. சாஃப்டாவில் இலங்கை நீங்கலாக மற்ற நாடுகளுக்கு அது 40 விழுக்காடு. அந்த நாளைத் தாண்டி நீளும் எந்த ஒப்பந்தத்திலும் இதைப் பற்றிப் பேசாமல் கையெழுத்திடக் கூடாது.

முதல் மூன்று மாதத்துக்கு உங்கள் தேவையில் நான்கில் ஒரு பங்கை மட்டும், எல்லை வணிகர் வழியே, டேங்கர் டேங்கராகப் பேசி வாங்குங்கள். ஒப்பந்தத்தில் வரி மாற்றத்துக்கென்று தனியாக ஒரு பிரிவு எழுதச் சொல்லுங்கள். 2024-இல் செப்டம்பர் 13 இரவு அறிவிக்கை வந்தது, மறுநாள் புதிய வரி நடப்புக்கு வந்துவிட்டது. பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகும் நாளின் வரிதான் சரக்குக்குப் பொருந்தும் என்பதால், வழியில் இருந்த சரக்குக்கெல்லாம் கூடுதல் வரியை யார் கட்டுவது என்று பெரிய சண்டைகள் நடந்தன. கச்சா எண்ணெய் வரி குறைந்தால் உள்ளூர் விலை உங்கள் ஒப்பந்த விலைக்குக் கீழே போய்விடும் என்பதால், அறிவிக்கை வந்த நாளில் ஆலையைவிட்டுப் புறப்படாத டேங்கர்களை இருதரப்பும் நஷ்ட ஈடில்லாமல் விட்டுவிடலாம் என்றும், புறப்பட்டுவிட்டவற்றின் வித்தியாசத்தைப் பாதிப் பாதியாக ஏற்பது என்றும் நான் எழுதுவது வழக்கம். ஆலைகள் முதலில் மறுக்கும். 2022-ஐ நினைவுபடுத்தினால் ஒப்புக்கொள்வார்கள்.